எனக்கு எட்டு வீதம்

உருத்திரமூர்த்தி பொய் பேசுகிற ஆள் இல்லை. அகதி விசாரணையின்போதுகூட, இதைச் சொல்லு அதைச் சொல்லு என்று ஆளாளுக்குச் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு நடந்ததை நடந்தபடி சொன்னவர். மற்றவர்களுக்கு ஆறு மாதத்தில் வந்த அகதிக் கடதாசி தங்களுக்கு இரண்டு வருடம் இழுபட்டதற்கு அதுதான் காரணம் என்று அவருடைய மனைவி ஞானாம்பிகை இன்றைக்கும் சொல்வாள். அப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு பொய் சொன்னார். அதுவும் ஒற்றைச் சொல்லில்.

1993ஆம் ஆண்டு, முதல் பனி விழுந்து கரைந்து தெருவெல்லாம் சேறாகக் கிடந்த நாட்கள். கனடாவில், பிரெஞ்சு பேசும் எங்கள் நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் யாருடையதோ பிள்ளையின் பிறந்தநாள். உருத்திரமூர்த்தி கடதாசித் தட்டில் இரண்டு மீன் றோல்ஸை வைத்துக்கொண்டு நின்றார். வில்லரே பகுதியில் அவர் இரட்டைமாடி வீடு வாங்கிவிட்டார் என்ற செய்தி அவருக்கு முன்னாலேயே அங்கே வந்து சேர்ந்துவிட்டது. கீழே தாங்கள் இருப்பதாம், மேலே வாடகைக்கு விடுவதாம். ஆண்கள் வந்து கையைக் குலுக்கினார்கள். பெண்கள் ஞானாம்பிகையைச் சுற்றி நின்று குசினி எத்தனை அடி என்று விசாரித்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதர் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். நிற்கட்டுமே, பாவம்.

அப்போதுதான் பேரின்பநாதன் வந்தார். இருவரும் ஒரே விமானத்தில் வந்து மிராபல் விமான நிலையத்தில் ஒரே வரிசையில் நடுங்கிக்கொண்டு நின்றவர்கள். அன்றிலிருந்து மச்சான் முறை.

"வங்கிக்காரர் எங்களுக்குக் குடுக்கமாட்டாங்களே. நீ எங்கை மச்சான் எடுத்தனீ?"

"புவாண்ட்-கிளேரிலை ஒரு கடன் கம்பனி. எங்கடை வெயர்ஹவுசுக்குப் பக்கத்திலை."

"வட்டி எத்தினை வீதம் போட்டவங்கள்?"

சுற்றி ஏழெட்டுப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். உருத்திரமூர்த்தி றோல்ஸை ஒரு கடி கடித்தார்.

"எட்டு," என்றார்.

உண்மையில் பத்தேமுக்கால்.

எங்கள் ஆட்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். சம்பளம் எவ்வளவு என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். பிள்ளை ஏன் இன்னும் இல்லை என்று கேட்பார்கள். கேட்பதில் கூச்சமே கிடையாது. பதில் சொல்லும்போதுதான் கூச்சம் வந்துவிடும். வாங்கிய விலையைக் குறைத்துச் சொல்வது, மகனின் புள்ளியைக் கூட்டிச் சொல்வது எல்லாம் பொய்க் கணக்கில் சேராது. அது மரியாதை. ஒருவன் ஏமாந்துவிட்டான் என்று ஊர் சொல்வதைவிட, அவன் உண்மையாகவே ஏமாந்து போவது எவ்வளவோ மேல் என்பது எங்கள் எண்ணம்.

அந்தக் கம்பனி அதிகாரி உயரமான, மரியாதையான மனிதர். கடன் கேட்டுப் போன அன்று உருத்திரமூர்த்தியைக் கண்டதும் கையைக் கூப்பி "வணக்கம்" என்றார். ஒரு வெள்ளைக்காரரின் வாயிலிருந்து வணக்கம் வந்ததும் உருத்திரமூர்த்தி அப்படியே உருகிப் போனார். கோப்பியும் கொடுத்தார்கள். கடைசியில் கடதாசியை நீட்டினபோது அதில் எட்டேகால் என்று ஒரு வரி இருந்தது. அதற்குக் கீழே 'விசேட இடர்' என்று இரண்டரை கூட்டியிருந்தது. அது என்னவென்று அவர் தன் உடைந்த பிரெஞ்சில் கேட்டார். அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார்: உங்கள் நாட்டில் சண்டை நடக்கிறது, நாளைக்குச் சண்டை முடிந்தால் நீங்கள் எல்லோரும் வீட்டைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவீர்கள், நாங்கள் என்ன செய்வது? உருத்திரமூர்த்தியும் சேர்ந்து சிரித்தார். மரியாதைக்குத்தான். பிறகு கையெழுத்துப் போட்டார். எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. தன் பிரெஞ்சு சரியில்லை, தன் கடதாசியில் ஏதோ குறை, தனக்குத்தான் இப்படி என்று நினைத்தார். அந்த 'தனக்குத்தான்' என்ற நினைப்புத்தான் எல்லாவற்றுக்கும் மூலம்.

பிறந்தநாள் முடிந்து அன்று இரவு வீட்டுக்கு வரும் வழியில் ஞானாம்பிகை கேட்டாள்: "ஏன் எட்டெண்டு சொன்னனீங்கள்?"

"பின்னை? பத்தேமுக்காலெண்டு சொல்லி அவங்கள் என்னைப் பாத்துப் பரிதாபப்படவோ?"

ஞானாம்பிகை சால்வையை இழுத்து மூடிக்கொண்டு முன்னால் நடந்தாள். மேற்கொண்டு கேட்டிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது.

அந்த எட்டு வீதம் காலும் கையும் முளைத்து ஊரெல்லாம் நடந்தது. நாலு மாதத்தில் பேரின்பநாதன் அதே கம்பனியில் கடன் எடுத்து இரண்டு தெரு தள்ளி வீடு வாங்கினார். தனக்கு ஏழேமுக்கால் என்றார். அடுத்த வருடம் டெப்பனர் வைத்திருந்த நீக்கிலாப்பிள்ளை வாங்கினார். அவருடைய சின்னக் கடையில் பால், பாண், சிகரெட்டோடு கருவாடும் விற்பார். அவருக்கு ஏழரையாம். பிறகு வந்தவர்கள் ஏழேகால், ஏழு என்று இறங்கினார்கள். அந்த வீதத்துக்குக் கனடா முழுவதும் தேடினாலும் அந்த வருடம் கடன் கிடைத்திருக்காது. ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை. இன்னொருவரின் அதிர்ஷ்டத்தைப் பற்றி யார் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார்கள்? உருத்திரமூர்த்தியோ அவர்கள் சொன்னதையெல்லாம் அப்படியே நம்பினார். பொய் சொன்னவன் தான் ஒருவன்தான் என்று நினைத்து வெட்கப்பட்டார். இரவில் படுத்திருக்கும்போது, எல்லோரும் கெட்டிக்காரர், நான் ஒருவன்தான் மடையன் என்று தோன்றும்.

மூன்று வருடத் தவணை 1996 கார்த்திகை, அதாவது நவம்பர், முதலாம் திகதி முடிய இருந்தது. அதற்குள் காலம் மாறிவிட்டது. ஞானாம்பிகை வேலை செய்த வைத்தியசாலைச் சலவைப் பகுதியில் நேரத்தைப் பாதியாக வெட்டினார்கள். மேல்மாடியில் இருந்த குடும்பம் ரொறன்ரோவுக்குப் போய்விட்டது. நாடெங்கும் வட்டி இறங்கியிருந்தது; ஆனால் கம்பனியிலிருந்து வந்த கடிதத்தில் அவருக்கு மட்டும் பழைய பத்தேமுக்காலே இருந்தது. மற்ற வங்கிகள் மனைவியின் பாதி வேலையைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தன. மாதம் நூற்றைம்பது டொலர் குறைந்தால் வீட்டைக் காப்பாற்றலாம். குறையாவிட்டால் விற்க வேண்டியதுதான். விடயம் அவ்வளவு சின்னது, அவ்வளவு பெரியது.

புரட்டாதியில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு மேசையில் றெஜான் தன் கடன் கடதாசியை விரித்து வைத்துக்கொண்டு, சோஸ் ஒழுக ஒழுக ஏதோ சாப்பிட்டுக்கொண்டிருந்தான். றெஜான் இந்த ஊர்ப் பிரெஞ்சு வெள்ளைக்காரன்; உருத்திரமூர்த்தியோடு அதே வெயர்ஹவுசில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிறவன். அவருக்குப் பிறகு வேலைக்கு வந்தவன், அதே சம்பளம். அவனுக்கும் அதே கம்பனியில்தான் கடன் என்பது உருத்திரமூர்த்திக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தவணையைப் புதுப்பிக்கிறானாம். மறைப்பதற்கு அவனுக்கு என்ன இருக்கிறது? வட்டி ஏழு, கொள்ளைக்காரர்கள், என்று திட்டிக்கொண்டே கடதாசியைத் தள்ளிவிட்டான். உருத்திரமூர்த்தி எடுத்துப் பார்த்தார். பழைய கடதாசியும் பின்னால் குத்தியிருந்தது. 1993, அதே மாதம். எட்டேகால். அதற்குக் கீழே விசேட இடர் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும். றெஜான் போட்ட முற்பணமோ அவர் போட்டதில் பாதிகூட இல்லை.

"என்ன, முகம் வெளுத்துப் போச்சு?" என்று பிரெஞ்சில் கேட்டான் றெஜான்.

உருத்திரமூர்த்தி தன்னுடைய வீதத்தைச் சொன்னார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னார். சொன்னது ஒரு றெஜானுக்கு. அவன் பரிதாபப்பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும். றெஜான் பரிதாபப்படவில்லை. மேசையில் ஓங்கிக் குத்தினான். கோப்பிக் கோப்பை கவிழ்ந்தது. வேலைத் தலத்தில் உச்சரிக்கக்கூடாத, இந்த ஊரில் வசவாக வழங்கும் தேவாலயச் சொற்களையெல்லாம் வரிசையாகச் சொன்னான். பிறகு தன் பழைய கடதாசி, புதுக் கடதாசி இரண்டையும் அலுவலகத்தில் பிரதி எடுத்து அவர் கையில் கொடுத்து, ஒரு வழக்கறிஞரிடம் போ என்றான். அந்த மனிதனுக்கு வந்த கோபம் தனக்கு ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று நினைத்தபோது உருத்திரமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது.

இலவசச் சட்ட உதவி நிலையத்தில் ஸ்ரீலேகா என்ற இளம் வழக்கறிஞர் இருந்தாள். சென்னையிலிருந்து வந்த ஒரு பேராசிரியரின் மகள், இங்கேயே படித்தவள். இருவருடைய கடதாசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு தடவை படித்தாள்.

"சார், இது உங்க சம்பளத்தைப் பார்த்துப் போட்ட வட்டி இல்ல. உங்க நாட்டைப் பார்த்துப் போட்டது. இது சட்டப்படி தப்பு."

"அப்ப குறைப்பாங்களோ?"

"ஒருத்தர் பேப்பரை மட்டும் வெச்சுக்கிட்டுப் போனா, இவர் கேஸ் வேற மாதிரின்னு சொல்லித் தப்பிச்சிடுவாங்க. இன்னும் ரெண்டு குடும்பம் வேணும். அதே கம்பெனி, அதே மாதிரி எக்ஸ்ட்ரா. மூணு பேர் பேப்பரோட நான் லெட்டர் போட்டா, விஷயம் வெளியில போறதுக்கு முன்னாடியே ரேட்டைக் குறைச்சுட்டுப் பேசாம இருந்துடுவாங்க. ஆனா உங்களுக்கு நவம்பர் ஒண்ணு கெடு. அதுக்கு முன்னாடி கொண்டு வரணும். உங்க ஆளுங்க வேற யாராவது அங்க வாங்கியிருக்காங்களா?"

உருத்திரமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். "எட்டுக் குடும்பம் இருக்குது பிள்ளை. எல்லாரும் நான் சொல்லிப் போனவை."

"அப்போ சுலபம்தானே?" என்றாள் அவள். பாவம், அந்தப் பெண்ணுக்குச் சட்டம் தெரியும். எங்களைத் தெரியாது.

ஏனென்றால் அந்த எட்டுப் பேரும் ஏழேமுக்கால்காரர், ஏழரைக்காரர். அவர்கள் வாயால் சொன்னது அதுதான். உண்மை வேறாக இருக்குமோ என்று உருத்திரமூர்த்திக்கு முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது றெஜானின் கடதாசியைப் பார்த்த பிறகுதான். தான் சொன்ன பொய்யைத் தானே போய் உடைத்தால்தான் மற்றவர்கள் வாயைத் திறப்பார்கள் என்றும் புரிந்தது. மூன்று நாள் அந்த யோசனையோடு திரிந்தார்.

"போய்ச் சொல்லுங்கோ," என்றாள் ஞானாம்பிகை. "வெக்கம் பெரிசோ, வீடு பெரிசோ?"

"உனக்கென்ன, நீ சொல்லுவாய்."

"நான் சொல்லத்தான் போறன். நீங்கள் போகாட்டி நான் போறன்."

முதலில் நீக்கிலாப்பிள்ளையின் கடைக்குப் போனார். வயதில் மூத்தவர், நிதானமானவர் என்று ஒரு நம்பிக்கை. வாடிக்கையாளர் போகும்வரை லொத்தர் சீட்டு மட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரே மூச்சில் சொன்னார்.

"அண்ணை, எனக்கு எட்டில்லை. பத்தேமுக்கால். நான் அண்டைக்குப் பொய் சொன்னனான்."

நீக்கிலாப்பிள்ளை அவரை உற்றுப் பார்த்தார். கதவு மணி அடித்து ஒரு பிள்ளை வந்து சுவிங்கம் வாங்கிக்கொண்டு போனது. "மெர்சி," என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டு, கல்லாவுக்குக் கீழே குனிந்து ஒரு உறையை எடுத்தார்.

"பதினொண்டு," என்றார். "தம்பி, நீர் எட்டெண்டு சொன்னனீர். பேரின்பநாதன் ஏழேமுக்காலெண்டவர். அவங்கள் எனக்குப் பதினொண்டெண்டு சொன்னோடனை, நான் நினைச்சன், எனக்கு வயது போட்டுது, கடை வருமானம் காணாது, அதுதான் எண்டு. மனிசிக்குக்கூட உண்மையைச் சொல்லேல்லை." அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணைத் துடைத்தார். "எங்கை கையெழுத்துப் போடவேணும்? தாரும்."

அன்றைக்கு உருத்திரமூர்த்தி வீட்டுக்கு நடந்தே வந்தார். மூன்று வருடத்தில் அவ்வளவு லேசாக அவர் நடந்ததில்லை. இன்னும் ஒருவர்தான். மற்ற ஆறு குடும்பங்களில் நாலு பேர் ரொறன்ரோவுக்குப் போய்விட்டார்கள்; இரண்டு பேர் அவர் பேச்சை எடுத்ததுமே, எங்களுக்கு எல்லாம் ஒழுங்காய் இருக்கிறது அண்ணை என்று ரெலிபோனை வைத்துவிட்டார்கள். அதனால் என்ன? பேரின்பநாதன் இருக்கிறார். மிராபலில் ஒரே வரிசையில் நின்றவர்.

ஞாயிற்றுக்கிழமை பேரின்பநாதன் வீட்டுக்குப் போனபோது வீடு மணத்தது. அவர் மனைவி கௌரி அடுப்படியில் பயத்தம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். மூத்த மகள் அஜந்தாவுக்கு ரொறன்ரோவில் சம்பந்தம் பேசியிருக்கிறார்களாம். அடுத்த கிழமை மாப்பிள்ளை பகுதி வருகிறதாம். உருத்திரமூர்த்தி நல்லது என்று சொல்லி, தேத்தண்ணீரைக் குடித்து முடித்து, பிறகு தன் கடதாசியை எடுத்து மேசையில் விரித்தார். எல்லாவற்றையும் சொன்னார். றெஜானைப் பற்றி, ஸ்ரீலேகாவைப் பற்றி, நீக்கிலாப்பிள்ளையின் பதினொன்றைப் பற்றி.

"நீ ஒருத்தன் கையெழுத்துப் போட்டியெண்டால் காணும் மச்சான். மூண்டு பேருக்கும் குறையும்."

பேரின்பநாதன் கடதாசியைத் தொடவில்லை.

"எனக்கு ஏழேமுக்கால்தானே."

"மச்சான்."

"எனக்கு ஏழேமுக்கால் எண்டு சொல்லுறனெல்லே."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. உருத்திரமூர்த்தி அந்தப் பக்கம் பார்த்தார். கௌரி கதவு நிலையில் நின்று புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் எல்லாம் எழுதியிருந்தது. அவள் வாயைத் திறக்குமுன் பேரின்பநாதன், "எண்ணெய் கருகப் போகுது, போய்ப் பாரும்," என்றார். அவள் போனாள்.

உருத்திரமூர்த்திக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "என்ரை வீடு போகப் போகுதடா. ஒரு கையெழுத்து. உனக்கும் காசு மிஞ்சும். என்ன விசர் உனக்கு?"

பேரின்பநாதன் எழுந்து கதவுவரை வந்தார். வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டார். படிக்கட்டில் குளிர்காற்று அடித்தது. அவர் வெறும் சேர்ட்டோடு நின்றார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"வீட்டைத்தான் பிள்ளைக்குச் சீதனமா எழுதிறதெண்டு பேசியிருக்கு. கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு எண்டு அவை கேட்டவை. நான் சொல்லிப்போட்டன். இப்ப போய்ப் பதினொண்டேகால் எண்டு கடதாசி வெளியாலை வந்தால், பொய்க்காறன்ரை வீட்டிலை ஆர் பொம்பிளை எடுப்பினம்?"

"பதினொண்டேகாலோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. நீ ஆருக்கும் சொன்னாலும் நான் இல்லையெண்டுதான் சொல்லுவன்." உள்ளே போகத் திரும்பியவர் நின்றார். "நீ அண்டைக்கு எட்டெண்டு சொல்லியிராட்டி, அவங்கள் பதினொண்டேகால் எண்டோடனை நான் எழும்பி வந்திருப்பன் மச்சான். உனக்கு எட்டுக் கிடைச்சிருக்கு, எனக்குத்தான் ஏதோ குறையெண்டு நினைச்சுத்தான் குனிஞ்சு கையெழுத்துப் போட்டனான்."

பேரின்பநாதன் உள்ளே போய்விட்டார். கதவுக்குள்ளே பெண்ணின் குரல் ஒரு தடவை உயர்ந்து அடங்கியது.

ஸ்ரீலேகா ஒளித்துப் பேசவில்லை. "ரெண்டு பேரை வெச்சு நான் புகார் குடுக்கறேன் சார். விடமாட்டேன். ஆனா அவங்க எதிர்த்து வாதாடுவாங்க. ஒண்ணரை வருஷம், ரெண்டு வருஷம் ஆகும்."

வீடு அதுவரை காத்திருக்குமா? ஐப்பசி கடைசி நாள் உருத்திரமூர்த்தி அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கம்பனிக்குப் போனார். வீட்டை விற்பதற்கு ஆறு மாத நீடிப்புக் கேட்டிருந்தார். அதற்குக் கையெழுத்து வேண்டும். அதிகாரி கையைக் கூப்பி "வணக்கம்" என்றார். குடும்பம் சுகமா என்று விசாரித்தார். நீடிப்புக்கு வட்டி பதினொன்றரை.

"றெஜானுக்கு ஏன் ஏழு?" என்று கேட்டார் உருத்திரமூர்த்தி. வழி நெடுக அந்த ஒரு வசனத்தைப் பிரெஞ்சில் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தார்.

மற்ற வாடிக்கையாளர்களின் விபரத்தைப் பற்றிக் கதைக்கத் தனக்கு அனுமதி இல்லை என்று அதிகாரி மிகவும் வருத்தத்தோடு சொன்னார். பிறகு, உங்கள் நாட்டில் சண்டை இன்னும் மோசமாகிவிட்டதாமே என்றார். நீங்கள் எல்லோரும் உழைப்பதை அங்கே அனுப்பிவிடுகிறீர்கள். நாங்கள் என்ன செய்வது? சண்டை முடிந்தாலும் இரண்டரை, முடியாவிட்டாலும் இரண்டரை. உருத்திரமூர்த்தி இந்தத் தடவை சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

வெளியே, காத்திருக்கும் இடத்தில், ஓர் இளம் சோடி இருந்தது. பையன் புது ஜாக்கெட்டில் இருந்தான். பெண் நெற்றியில் பொட்டோடு கடதாசிகள் வைத்த கோப்பு ஒன்றை மடியில் வைத்திருந்தாள். தமிழ் முகத்தைக் கண்டதும் அவன் எழுந்துவிட்டான்.

"அண்ணை, நீங்களும் எங்கடை ஆக்களோ? நான் ஞானேந்திரன். கோட்-டெ-நெய்ஜிலை இருக்கிறம். வீடு வாங்கப் போறம். உங்களுக்கு எத்தினை போட்டவங்கள்?"

உருத்திரமூர்த்தி கையில் இருந்த கடதாசியை அப்படியே அவனிடம் நீட்டினார். "பதினொண்டரை. முதல் பத்தேமுக்கால். வெள்ளைக்காரருக்கு ஏழு. இந்தா, இந்த வரியைப் பார். இது எங்களுக்கு மட்டும் போடுறது. உள்ளுக்குப் போகாதை தம்பி. எழும்பி வா, ஒரு லோயர் பிள்ளை இருக்கிறா, நான் கூட்டிக்கொண்டு போறன்."

குரல் உயர்ந்துவிட்டது. வரவேற்பில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். ஞானேந்திரன் கடதாசியைப் படித்தான். பிறகு உருத்திரமூர்த்தியின் முகத்தைப் பார்த்தான், சப்பாத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையை உருத்திரமூர்த்தி அறிவார். பரிதாபம். இதற்குப் பயந்துதானே மூன்று வருடம்.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை," என்றான் அவன் மெதுவாக. "உங்கடை கடதாசியிலை என்ன பிழையோ தெரியாது. சிலபேருக்கு அப்பிடி வாறதுதான். எங்களைப் பேரின்பநாதன் அண்ணை சொல்லித்தான் அனுப்பினவர். அவருக்கு ஏழேமுக்கால்."

"அவனுக்குப் பதினொண்டேகாலடா!"

"அவர் ஏன் எங்களுக்குப் பொய் சொல்லப் போறார்?"

பெயர் கூப்பிட்டார்கள். இருவரும் உள்ளே போனார்கள். கதவு மூடுமுன் "வணக்கம்" என்ற குரலும், அந்தப் பெண் சந்தோஷமாகச் சிரிக்கிற சத்தமும் கேட்டன.

உருத்திரமூர்த்தி பஸ் நிறுத்தத்தில் நின்றார். ஒரு பஸ் வந்து போனது, ஏறவில்லை. இரண்டாவதும் போனது. காது விறைத்தது. வேலைக்குத் திரும்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. அவர்கள் வெளியே வரும்போது தான் நிற்க வேண்டும், அப்போதாவது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகலாம், மூன்றாவது குடும்பம் கிடைத்துவிடும் என்ற ஒரே நினைப்பு. வீட்டுக்கு அது உதவாது என்றாலும் பரவாயில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேலாயிற்று.

வந்தார்கள். பெண் முன்னால் விறுவிறு என்று நடந்து வந்து, நிறுத்தத்தின் கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கோப்பை மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தாள். மூக்கை உறிஞ்சினாள். ஞானேந்திரன் ஜாக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் வந்தான்.

"தம்பி, எத்தினை?" என்று கேட்டார் உருத்திரமூர்த்தி. "எனக்குச் சொல்லு. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். நான் உன்னைப் பாத்துச் சிரிக்கமாட்டன். என்னட்டை மட்டும் சொல்லு."

ஞானேந்திரன் மனைவியின் பக்கம் பார்க்கவேயில்லை. அவன் முகத்தில் ஒரு சிரிப்பு ஒட்டியிருந்தது.

"ஏழேகால் அண்ணை," என்றான். "பேரின்பநாதன் அண்ணையைக் கண்டால் சொல்லிவிடுங்கோ. எங்களுக்கு அவரைவிடக் குறைச்சுத்தான் போட்டவங்கள்."